ஜீவகுமார் ஒரு வாரம் ஓட்டிய டீசல் வண்டி

பிக்கப் வண்டி வாங்கியே தீருவது என்று ஜீவகுமார் சபதம் எடுத்தபோது, அவருடைய ஒரு கால் சாக்கடைக்குள்ளும் இன்னொரு கால் மொபெட்டுக்கு அடியிலும் இருந்தன. மடியில் பதினைந்து கிலோ நல்லெண்ணெய் டின் ஒரு சொட்டுச் சிந்தாமல் உட்கார்ந்திருந்தது. முப்பது வருஷமாகக் காஞ்சிபுரத்தில் செக்கு எண்ணெய் விற்கிற மனிதர். மானம் போனாலும் டின்னை விடக்கூடாது என்று அவர் கைகளுக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்துக் கிறிஸ்டோபரின் வெள்ளை டீசல் பிக்கப் பக்கத்தில் வந்து நின்றது. ஜீவகுமாரின் கடைக்கு எதிர்க்கடை கிறிஸ்டோபருடையது. ஷாமியானாவும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவன். ஜன்னல் கண்ணாடி தானாகக் கீழே இறங்க, உள்ளேயிருந்து ஏசிக் குளிரும் பாட்டும் சேர்ந்து வெளியே வந்தன.

"அண்ணா, இன்னா ஆச்சு? தூக்கி விடட்டுமா?"

"ஒண்ணும் ஆவல. சும்மா உக்காந்துக்கினு இருக்கேன்."

"சாக்கடையிலயா?"

"காத்து வருது."

கிறிஸ்டோபர் நல்லவன். சிரிக்காமல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அதுதான் ஜீவகுமாருக்கு இன்னும் வலித்தது. அவன் வயசென்ன, தன் வயசென்ன? அவன் பெஞ்சு மாதிரி அகலமான சீட்டில் காலை நீட்டிக்கொண்டு போகிறான். தான் ஐம்பத்து நாலு வயசில் முன்னால் ஒரு டின், பின்னால் ரெண்டு டின், நடுவில் தான் ஒரு டின் என்று போகிறோம். போதும். இனிமேல் டீசல் பிக்கப்தான். பெங்களூரு போகலாம், ஓசூர் போகலாம், சேலம் போகலாம். உலகம் எவ்வளவு பெரிசு!

உலகம் பெரிசுதான். ஆனால் ஜீவகுமார் பார்த்த உலகம் ரொம்பச் சின்னது, அதற்குக் காரணம் சூரியன். அவர்கள் திருப்பருத்திக்குன்றத்து நயினார் குடும்பம், தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்ந்தபிறகு அந்த வீட்டில் யாரும் வாயில் ஒரு பருக்கை வைப்பதில்லை. சாயந்திரம் ஐந்தரைக்குக் குணமாலா இலை போடுவாள். ஆறு மணிக்கு அடுப்பைத் துடைத்துவிடுவாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக ஜீவகுமாரின் பூமி, காலையில் கிளம்பினால் ஐந்தரைக்குள் வீட்டுக்குத் திரும்பக்கூடிய பூமிதான்.

நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். வழியெல்லாம், குணமாலா என்னென்ன சொல்லி மறுப்பாள், அதற்கு என்னென்ன பதில் சொல்வது என்று பதினோரு பதில்களைத் தயார் செய்திருந்தார்.

"குணமாலா! நான் டீசல் பிக்கப் வாங்கப்போறேன்."

குணமாலா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவர் வேட்டியைப் பார்த்தாள்.

"மொதல்ல காலக் கழுவுங்க. அப்புறம் போய்ப் பார்க்கலாம்."

பதினோரு பதிலும் வீணாய்ப் போயின. ஜீவகுமாருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மறுநாள் வெள்ளைகேட் பக்கம் இருந்த ஷோரூமுக்கு இரண்டு பேரும் போனார்கள். வசந்த் என்கிற பையன், கழுத்தில் டை கட்டியவன், ஓடி வந்து வரவேற்றான். ஜீவகுமார் வண்டியைச் சுற்றி வந்தார். டயரை உதைத்தார். எதற்கு என்று அவருக்கே தெரியாது; வண்டி வாங்குகிறவர்கள் உதைப்பதைப் பார்த்திருக்கிறார்.

"சார், ஒரு நாளைக்கு எவ்ளோ தூரம் ஓட்டுவீங்க?" என்று வசந்த் கேட்டான்.

"நூறு," என்றார் ஜீவகுமார்.

குணமாலா மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். எண்ணெயில் கலப்படம் செய்யாதவர், எடையில் ஏமாற்றாதவர், வாழ்நாளில் பொய் சொல்வதில்லை என்று விரதம் எடுத்தவர். அவர் காது சிவந்துவிட்டது. பேச்சை மாற்ற, சட்டென்று டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் சேலம் வரைக்கும் போய்விட்டார்.

கீழே வசந்த் குணமாலாவிடம் விளக்கிக்கொண்டிருந்தான்.

"ஏன் கேக்கறேன்னா மேடம், இப்ப வர்ற டீசல் வண்டியில புகையப் புடிக்கிற ஃபில்டர் ஒண்ணு இருக்குது. தெனம் தூரமா போறவங்களுக்குத்தான் டீசல் செட் ஆவும். ஊருக்குள்ளயே நாலு தெரு ஓட்டி ஓட்டி நிறுத்தினா, ஃபில்டர்ல கரி சேந்துடும். அப்ப மீட்டர்ல…"

பாம்ம்ம் என்று ஹாரன் அலறியது. ஜீவகுமார் சேலம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிக்கொண்டிருந்தார். வசந்த் சொன்ன மிச்சத்தைக் குணமாலா மட்டும் காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவளே பேச்சை எடுத்தாள்.

"என்னங்க, வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. புரட்டாசியில கல்யாணமே இல்ல, கிறிஸ்டோபர் வண்டி சும்மாதான நிக்குது? ஷாரோன்கிட்ட நான் கேட்டு வாங்கித் தர்றேன்."

ஷாரோன், கிறிஸ்டோபரின் மனைவி. குணமாலாவும் அவளும் போனில் பேச ஆரம்பித்தால் கடைவீதியில் இரண்டு வியாபாரம் முடிந்துவிடும்.

"எதுக்கு ஓட்டிப் பாக்கணும்? எனக்கு ஓட்டத் தெரியாதா? லைசென்ஸ் இருவது வருஷமா பாக்கெட்லயே இருக்குது."

"அது பாக்கெட்லயே இருக்கறதாலதான் சொல்றேன். ஒரு நோட்டு போடுங்க. எங்க போனீங்க, எத்தினி கிலோமீட்டர், எதுக்குப் போனீங்க, மூணையும் எழுதுங்க. ஒரு நாளைக்கு அம்பது வந்துதுன்னா கண்ண மூடிக்கினு வாங்கிடலாம். நானே ஆரத்தி எடுக்கறேன். ஆனா நோட்டுல பொய் கூடாது."

"நோட்டுல எழுதறதுல நான் பொய் எழுதுவனா?"

"வாயால சொல்றீங்களே, அதான் கேட்டேன்."

திங்கட்கிழமை காலை, வண்டி வாசலில் வந்து நின்றது. ஜீவகுமார் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, சந்தனம் வைத்துக்கொண்டு ஏறினார். சாவியைத் திருப்பினார். மீட்டரில் எல்லா விளக்கும் எரிந்து அணைந்தன, ஒன்று மட்டும் மஞ்சளாக நின்று எரிந்தது.

"குணமாலா, இது இன்னா விளக்கு?"

"ஷாரோனைக் கேட்டேன். அது ரொம்ப நாளா எரிஞ்சிக்கினுதான் இருக்குதாம். நீங்க கெளம்புங்க."

நல்ல வண்டிக்கு அப்படி ஒரு விளக்கு எரியும்போல என்று ஜீவகுமார் நினைத்துக்கொண்டார். மொபெட்டில் அவர் பார்த்த ஒரே விளக்கு முன்னால் இருப்பது. அதுவும் எரிந்ததில்லை.

முதல் டெலிவரி, நெசவாளர் தெருவில் மூங்கில் குடலையில் இட்லி வேகவைக்கிற பட்டம்மாள் மெஸ்ஸுக்கு. தெருமுனையில் திரும்பினார். தெரு நீளத்துக்கும் அரக்குச் சிவப்பில் பட்டுப் பாவு கட்டி இழுத்து விட்டிருந்தார்கள். மூன்று சேலைக்கான நூல் முழுவதும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார்கள். மொபெட்டாக இருந்தால் ஓரமாக உருட்டிக்கொண்டு போய்விடுவார். பிக்கப் போகவேண்டுமானால் சேலையின் மேல்தான் போகவேண்டும்.

லேசாக ஹாரன் அடித்தார். பாவு பிடித்திருந்த வீரபாகு ஓடி வந்தார்.

"யாருப்பா அது ஹாரன் அடிக்கறது! பசங்க கை பதறி இழ அறுந்தா யார் முடிபோடறது? அட, நம்ம எண்ணெய்க்காரரு! இன்னாண்ணா இது, டேங்கர் எடுத்துக்கினு வந்துட்ட?"

"வழி எப்ப கிடைக்கும்?"

"ஒம்போது ஆவும். ஒம்போதரைன்னு வச்சிக்கயேன்."

ஜீவகுமார் பின்னால் எடுக்கப் பார்த்தார். பின்னால் ஒரு பால் வண்டி, அதற்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட ஆட்டோ. அப்புறம் இறங்கி, மூன்று டின்களையும் ஒவ்வொன்றாகத் தோளில் வைத்து, சந்தனம் வழிய, பாவுக்குப் பக்கத்தில் நடந்தே போனார். பட்டம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம், மொபெட்டும் போச்சா?" என்று கேட்டாள்.

அன்றைக்கு மொத்தம் ஓடியது பதினோரு கிலோமீட்டர். நோட்டில் எழுதும்போது பேனா நகர மறுத்தது.

பதினோரு கிலோமீட்டருக்கு யார் பிக்கப் கொடுப்பார்கள்? பொய் எழுதமுடியாது. உண்மையை நீட்டலாமே! செவ்வாய்க்கிழமை வாலாஜாபாத்துக்குப் போனார். அங்கே ஜெபகுமார் என்று ஒரு வாடிக்கைக்காரர், வருஷத்துக்கு ஒரு தரம் கடைக்கு வந்து வாங்கிப் போகிறவர். கதவைத் தட்டி அரை லிட்டர் பாட்டிலை நீட்டியதும் அவர் பயந்துவிட்டார்.

"யாருக்கு இன்னா ஆச்சுங்க?"

"ஒண்ணும் ஆவலங்க. டோர் டெலிவரி."

புதன்கிழமை மாகறல். எட்டு வருஷத்துக்கு முன்னால் 'ஒருநாள் வாங்க' என்று பேச்சுக்குச் சொன்ன அமுதா டீச்சர் வீட்டுக்கு நிஜமாகவே போய் நின்றார். வியாழக்கிழமை மறுபடி வாலாஜாபாத். அரை லிட்டர் தீர்ந்துவிட்டதா என்று கேட்க.

இதில் இன்னொரு சங்கடம். மொபெட்டில் பழகிய மனிதர், முப்பத்தைந்துக்கு மேல் போகமாட்டார். பின்னால் வருகிற லாரி, பஸ், டிராக்டர் எல்லாம் ஹாரன் அடித்து, திட்டி, கடந்து போயின. ஒரு மாட்டு வண்டிக்காரர் மட்டும் சிநேகமாகச் சிரித்தார். மேற்கே சூரியன் இறங்க இறங்க ஜீவகுமார் சீட்டின் விளிம்புக்கு வந்து ஸ்டியரிங்கைத் தள்ளிக்கொண்டு ஓட்டினார். ஆனாலும் மூன்று நாளும் வீடு வந்து சேர ஆறு பத்து. அடுப்பு துடைத்தாகிவிட்டது.

"எனக்கு எதுனா…"

"சூரியன் போயிட்டாரே, நான் இன்னா பண்றது? வெந்நீர் வச்சிருக்கேன்."

மூன்று ராத்திரி வெந்நீரைக் குடித்துவிட்டுப் படுத்தார் பாவம். பசியில் தூக்கம் வரவில்லை. வயிறு டீசல் எஞ்சின் மாதிரி சத்தம் போட்டது. குணமாலாவும் அந்த மூன்று நாளும் அவர் வரட்டும் என்று சாப்பிடாமலே காத்திருந்து, அவளும் வெந்நீர்தான் குடித்தாள் என்பது அவருக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை.

வெள்ளியும் சனியும் உள்ளூர் வியாபாரம் குவிந்துவிட்டது. தெருத் தெருவாகச் சுற்றி மறுபடியும் பதினொன்று, பதினொன்று. சனிக்கிழமை ராத்திரி குணமாலா நோட்டை வாங்கிப் பார்த்தாள். 'எதுக்கு' என்ற கட்டத்தில் அவர் ஒளிக்காமல் எழுதியிருந்தார்: அரை லிட்டர். நலம் விசாரிக்க. அரை லிட்டர் தீர்ந்ததா என்று கேட்க, தீரவில்லை.

அவள் சிரிப்பாள் என்று ஜீவகுமார் காத்திருந்தார். அவள் சிரிக்கவில்லை.

"நாளைக்கு ஞாயித்துக்கெழமை. கடை லீவு. திருமலைக்குப் போலாமா?"

ஆரணிக்கு அந்தப் பக்கம் திருமலை. பாறையில் தீர்த்தங்கரர் நேமிநாதர் நிற்கிற இடம். பிறந்த வீட்டாரோடு அவள் அங்கே போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் ஜீவகுமார், 'பொழுதோட திரும்ப முடியாதேம்மா' என்பார்.

"போக வர ஒரு நூத்தித் தொண்ணூறு வரும்," என்றாள் குணமாலா. "நோட்டுக்கும் நல்லது."

ஜீவகுமாருக்குக் கண் கலங்கிவிட்டது. எப்பேர்ப்பட்ட மனைவி! தனக்காக சராசரியை ஏற்றிக் கொடுக்கிறாள்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். முசரவாக்கம் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறியதும் குணமாலா மடியிலிருந்த கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, அறுவதுக்குக் குறையாம போங்க."

"அறுவதா! எதுக்கு?"

"பூஜை நேரத்துக்குப் போய்ச் சேர வேணாமா?"

நாற்பது. ஐம்பது. ஜீவகுமார் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். அறுபத்தைந்தில் ஊசி நின்றது. பயம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், மீசை தானாக முறுக்கிக்கொண்டது. இருபது நிமிஷத்தில் ஒரு டீக்கடை தெரிந்தது.

"ஒரு அஞ்சு நிமிஷம் நிறுத்தி…"

"நிறுத்தாதீங்க! ஃபிளாஸ்க்ல சுக்குக் காப்பி இருக்குது. ஊத்தித் தர்றேன், ஓட்டிக்கினே குடிங்க."

"ஒண்ணுக்கு?"

"ஆற்காடு வந்துடட்டும்."

வாலாஜாபேட்டை நெருங்கும்போது ஜீவகுமார் தற்செயலாகக் குனிந்து பார்த்தார். மீட்டரில் ஒரு வாரமாக எரிந்துகொண்டிருந்த மஞ்சள் விளக்கு அணைந்துபோயிருந்தது. கண்ணைக் கசக்கிப் பார்த்தார். இல்லை. ரொம்ப நாளாக எரிகிற விளக்கு என்று ஷாரோன் சொன்னாளே! இரவல் வண்டி! அறுபத்தைந்தில் ஓட்டி எதையோ கெடுத்துவிட்டோம். பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். குணமாலா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொன்னால் கோயில் நேரத்தில் மனசு கஷ்டப்படுவாள் என்று வாயை மூடிக்கொண்டார்.

திருமலையில் நேமிநாதர் முன்னால் குணமாலா வெகுநேரம் நின்றாள். ஜீவகுமார் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் சந்தோஷப்பட்டது அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. பதினோரு வருஷமாகக் கூட்டிக்கொண்டு வராதது வெட்கமாகவும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் அந்த விளக்கு வந்து வந்து போயிற்று.

திரும்பும்போது ஐந்தேகால் மணிக்குக் காவேரிப்பாக்கம் ஏரி ஓரமாக வண்டியை நிறுத்தச் சொன்னாள். பிக்கப்பின் பின்கதவை இறக்கி, துண்டு விரித்து, கூடையைத் திறந்தாள். புளிச்சோறு, தயிர்ச்சோறு, மாங்காய் ஊறுகாய். ஏரியில் சூரியன் இன்னும் நன்றாகவே இருந்தது. கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

"ஏன் குணமாலா, சாப்பாட்டக் கையில எடுத்துக்கினு வந்தா எவ்ளோ தூரம் வேணாலும் போலாமே! இருவத்தாறு வருஷமா இது நமக்குத் தோணலையே!"

"எனக்குத் தோணிச்சி. நீங்க அஞ்சரைக்கு வீட்ல இருக்கணும்னீங்க."

ஜீவகுமார் ஊறுகாய்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

அன்று ராத்திரி நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு அவரே கூட்டிக் கழித்தார். சராசரி ஐம்பதைத் தாண்டியது. வாங்கலாம். ஆனால் 'எதுக்கு' கட்டத்தைப் பார்த்தார். வியாபாரத்துக்கு ஓடியது நாளுக்குப் பதினொன்றுதான். மிச்சமெல்லாம் ஆசைக்கு ஓடியது. தராசில் விரலை வைத்து அழுத்தாத மனிதருக்கு அதற்கு மேல் மனசு வரவில்லை.

"குணமாலா, வண்டி வேணாம்."

"ஐயோ, ஏங்க? நான் ஆரத்தித் தட்டக்கூட தேச்சி வச்சிருக்கேனே!"

"எனக்கு அந்த மொபெட்டே போதும். தெருவுல பாவு கட்டினாலும் போகும்."

அவள் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தாள். மொபெட்டுக்குப் புதிதாக ஒரு கேரியர் போடலாம் என்றாள். ஜீவகுமாருக்கு ஆறுதலாக இருந்தது. தானே யோசித்து, தானே எடுத்த முடிவு.

திங்கட்கிழமை காலை வண்டியைக் கழுவித் துடைத்து, கிறிஸ்டோபர் கடை முன்னால் நிறுத்தினார். கையில் ஒரு பொட்டலம். எலெக்ட்ரிக் கடை திறக்கும்வரை நின்று வாங்கிய மஞ்சள் பல்பு.

"கிறிஸ்டோபர், மன்னிச்சிக்கோப்பா. உன் வண்டில ஒரு விளக்க நான் கெடுத்துட்டேன். நல்லா எரிஞ்சிக்கினு இருந்துது. நேத்து அறுவத்தஞ்சில போகச்சொல்ல அணைஞ்சிடுச்சி. பல்பு வாங்கியாந்திருக்கேன். சைஸ்தான் கொஞ்சம் பெரிசா இருக்குது."

கிறிஸ்டோபர் மீட்டரைப் பார்த்தான். பல்பைப் பார்த்தான். அப்படியே ஜீவகுமாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா! தெய்வம்ணா நீ! அது எரியக் கூடாத லைட்டுண்ணா. நான் குடோன்லேர்ந்து மண்டபத்துக்கு, மண்டபத்துலேர்ந்து குடோனுக்குன்னு மூணு தெருவுலயே ஓட்டறனா, ஃபில்டர்ல கரி அடச்சிக்கிச்சி. ஹைவேயில அறுவதுக்கு மேல அரை மணி நேரம் நிறுத்தாம விட்டாதான் கரி எரியும்னு மெக்கானிக் சொன்னாரு. சும்மானாச்சும் எவன் போயிட்டு வருவான்னு நானும் ஷாரோனும் ஒரு மாசமா சண்ட போட்டுக்கினு இருந்தோம். அண்ணிதான் போன் பண்ணி, 'கவலையே படாதீங்க, எங்க வூட்ல ஒருத்தர் இருக்காரு, டீசலும் அவரே போட்டுக்குவாரு'ன்னாங்க."

ஜீவகுமார் பல்பைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்கு நடந்தார். வழியில் இந்தத் தடவை முப்பது கேள்விகள் தயார் செய்தார்.

"குணமாலா! எல்லாம் தெரிஞ்சிபோச்சி! ரொம்ப நாளா எரியுதுன்னு எங்கிட்ட பொய்யா சொன்ன?"

"ரொம்ப நாளா எரிஞ்சிக்கினுதான இருந்துது? இதுல எங்கங்க பொய்?"

இருபத்தொன்பது கேள்விகள் மிச்சமிருந்தன. அடுத்ததைக் கேட்க நிமிர்ந்தார். அவள் பின்னால் சுவரில் மாதக் காலண்டர் தொங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றிப் பேனாவால் வட்டம். பக்கத்தில் 'திருமலை' என்று எழுதியிருந்தது. காலண்டரைப் புரட்டினார். அடுத்த மாதம், 'மேல்சித்தாமூர்'. அதற்கு அடுத்த மாதம், 'பொன்னூர் மலை'. எல்லாம் திருமலை மாதிரி சமணத் தலங்கள்.

"இது இன்னா?"

"கிறிஸ்டோபர் ஊருக்குள்ளதான் ஓட்டப்போறாரு. மாசத்துக்கு ஒரு வாட்டி அந்த விளக்கு எரியத்தான் எரியும்னு அந்த ஷோரூம் பையன் சொன்னான். எரிஞ்சா யாராச்சும் ஓட்டிக் குடுக்கணுமில்ல?"

"என்னால முடியாது! இனிமே அந்த வண்டிய நான் தொடவே மாட்டேன்! நான் இன்னா, ஊரான் வூட்டுக் கரி எரிக்கவா பொறந்தேன்?"

"சரிங்க. தொட வேணாம்," என்று குணமாலா அரிசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஜீவகுமார் வார்த்தை தவறாதவர். அன்றையிலிருந்து அந்த வண்டியைத் தொடவேயில்லை. தினமும் சாயந்திரம் கடையைச் சாத்தும்போது எதிர்ப்பக்கம் போவார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாக மீட்டரை எட்டிப் பார்ப்பார். பத்தொன்பதாம் நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்.

"ஏம்பா கிறிஸ்டோபர், விளக்கு எதுனா எரிஞ்சுதா?"

"எரிஞ்சிடுச்சிண்ணா, காலையிலயே," என்றான் கிறிஸ்டோபர். "நீயா வந்து கேக்கறவரைக்கும் உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு அண்ணி சொல்லியிருக்காங்க."